மஞ்சள் டயலை வாங்கும் முன்

அன்புள்ள கயல்,

வாங்கலாமா என்று கேட்டு நீ அனுப்பிய நான்கு பழைய சீக்கோ வாட்சுகளின் படங்களையும் பார்த்தேன். மூன்றாவதை உடனே தள்ளிவிடு. பச்சை டயல். நீ தேடும் சீக்கோ 6139-6000 குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்சும் சேர்ந்த வாட்ச்) வரிசையில் கம்பெனி போட்டது மஞ்சள், நீலம், வெள்ளி என்று மூன்று நிறம்தான். பச்சை, ஆரஞ்சு, கறுப்பு எல்லாம் பின்னால் யாரோ அச்சடித்து ஒட்டியவை. இப்படி வருவதை வெளிநாட்டுக்காரர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்று கேலி பேசுகிறார்கள். கேட்க வருத்தமாக இருக்கிறது, ஆனால் பொய் என்று சொல்ல முடியவில்லை.

"விண்வெளிக்குப் போன வாட்ச் என்றால் ஒமேகாதானே?" என்று கேட்டிருந்தாய். நாசா சோதனை செய்து 1965-இல் தேர்ந்தெடுத்தது ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், உண்மை. ஆனால் அமெரிக்க விண்வெளி வீரர் வில்லியம் போக் எலிங்டன் விமானத் தளக் கடையில் 71 டாலர் கொடுத்து இந்த மஞ்சள் சீக்கோவை வாங்கி, பயிற்சியில் இதை வைத்தே விண்கல என்ஜின் எரியும் நேரத்தை அளந்து பழகினார். 1973 நவம்பர் 16-இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்கு ஸ்கைலேப் 4 பயணம் கிளம்பியபோது யாரிடமும் கேட்காமல் இதையும் கொண்டுபோனார். 84 நாள் மேலே இருந்தது. தானாகச் சாவி ஏறும் குரோனோகிராஃப்களில் முதன்முதலாக விண்வெளிக்குப் போனவற்றில் அதுவும் ஒன்று. 2008-இல் அந்த வாட்ச் ஏலத்தில் 5,975 டாலருக்குப் போயிற்று. யாரும் அனுமதி முத்திரை குத்தாத கடைச் சரக்கு அது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

எல்லாம் மிதக்கும் இடத்தில், சுற்றிச் சுற்றிச் சாவி ஏற்றும் தகடான ரோட்டர் எப்படிச் சுற்றும் என்று நீ கேட்பாய். ரோட்டரின் எடை ஒரு பக்கமாகவே இருக்கிறது. கையை வெடுக்கென்று அசைத்தால் அந்த எடை பின்தங்கும், ரோட்டர் சுழலும். கீழே இழுக்க பூமி வேண்டியதில்லை, கை அசைந்தால் போதும்.

வாட்சுக்குள் கெட்டிக்காரத்தனமான இடம், ஸ்டாப்வாட்ச் முள்ளை ஓட்டத்தோடு இணைத்துப் பிரிக்கும் கிளட்ச். பழைய முறையில் ஒரு பற்சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து வந்து இன்னொன்றோடு கோக்கும். பல்லும் பல்லும் இடித்துக்கொண்டால் பட்டனை அழுத்தியதுமே வினாடி முள் ஒரு துள்ளு துள்ளும். ஸ்பீட்மாஸ்டரில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 6139-இல் கிளட்ச் செங்குத்தாக இருக்கிறது. நடுச்சக்கரத்தின் மேல் ஒரு தட்டு ஸ்பிரிங் அழுத்தத்தில் உட்காருகிறது. பல் கிடையாது, உரசல் பிடிப்புதான். நிறுத்தும்போது இரண்டு நெம்புகோல்கள் இடுக்கி மாதிரி வந்து தட்டைத் தூக்கிப் பிடிக்கும். அதனால் முள் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு கிளம்பும். 1969-இல் இதைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள்.

கோளாறு வருவதும் அங்கேதான். எண்ணெய் காய்ந்து பிசினாகிப் போனால் தட்டு வழுக்கும். மணி சரியாகக் காட்டும், வினாடி முள் மட்டும் பின்தங்கும் அல்லது நடுவழியில் நின்றுவிடும். விற்பவரிடம் பத்து நிமிட வீடியோ கேள். குரோனோவை ஓடவிட்டு, பக்கத்தில் போன் ஸ்டாப்வாட்சையும் ஓடவிடச் சொல். முள் ஒவ்வொரு முறை 12-ஐத் தொடும்போதும் 6 மணி இடத்துச் சின்ன வட்டத்தில் நிமிட முள் ஒரு கோடு நகர வேண்டும். கடைசியில் நிறுத்தி, கீழ்ப் பட்டனை அழுத்தினால் இரண்டு முள்ளும் ஒரே நேரத்தில் பூஜ்யத்துக்கு வர வேண்டும். வினாடி முள் 12-க்கு ஒரு கோடு தள்ளி நின்றால் முள்ளைச் சரியாகப் பொருத்தவில்லை, சின்ன வேலை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் முள் அச்சில் தளர்ந்திருக்கிறது, விலையைக் குறைத்துக் கேள்.

இந்த வாட்சுக்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் கீயைத் திருகினால் டயலைச் சுற்றியுள்ள மஞ்சள் வளையம்தான் நகரும். அது நகராவிட்டால் உள்ளே இருக்கும் குட்டிச் சக்கரம் நொறுங்கியிருக்கும், பலரின் வாட்சில் அந்த நிலைமைதான். கீயை லேசாக அழுத்தினால் தேதி மாறும், முழுக்க அழுத்தினால் கிழமை மாறும். இரவு 9 மணியிலிருந்து விடிகாலை 4 வரை அதைத் தொடாதே. தேதியை மாற்றும் பல் அப்போது கோத்துக்கொண்டிருக்கும், அழுத்தினால் உடையும்.

பின்மூடி எண்ணையும் பார். ஆறு இலக்கத்தில் முதலாவது வருடம், இரண்டாவது மாதம். 32 என்று தொடங்கினால் 1973 பிப்ரவரி. ஆரம்ப வாட்சுகளில் டயலிலும் மூடியிலும் 'வாட்டர் புரூஃப்' என்று இருக்கும், பிறகு வந்தவற்றில் 'ரெசிஸ்ட்' என்று மாற்றினார்கள். டயல் ஒன்று சொல்லி மூடி இன்னொன்று சொன்னால், பெரும்பாலும் இரண்டு வாட்சை உடைத்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். டயலில் 70 மீட்டர் என்று போட்டிருந்தாலும் ஐம்பது வருடத்து ரப்பர் வளையத்தை நம்பிக் கை கழுவக்கூடப் போகாதே.

உன் நான்கு படத்தில் எனக்குப் பிடித்தது இரண்டாவது. டயல் ஓரத்தில் பழுப்பு ஏறியிருக்கிறது, சிவப்பு நீல வளையம் மங்கியிருக்கிறது. ஆனால் கேஸின் மேல்முகத்தில் சூரியக்கதிர் போன்ற கீறல் கோடுகள் அப்படியே இருக்கின்றன, விளிம்பு கத்தி மாதிரி நிற்கிறது. நான்காவது பளபளவென்று இருக்கிறதே, அதில் அந்தக் கோடு ஒன்றுகூட இல்லை. பஃப் மிஷினில் பிடித்து வழித்திருக்கிறார்கள், போன உலோகம் திரும்பாது.

வாங்கியதும் சர்வீஸ் கொடுத்துவிடு. கிளட்ச் சக்கரத்தைப் பிரிக்காமல் முழுதாகக் கழுவி எண்ணெய் விடத் தெரிந்தவரா என்று முதலில் கேள். கழுவிவிட்டு எண்ணெய் விடாமல் பூட்டினால் பழைய வழுக்கலே திரும்ப வரும். கேஸில் பாலிஷ் வேண்டாம் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள். ஸ்ட்ராப் 19 மில்லிமீட்டர், 18 ஆடும், 20 நுழையாது.

வீடியோ வந்ததும் எனக்கு அனுப்பு. அதுவரை பணம் போடாதே.

அன்புடன்,
அப்பா