ஹெப்பாரின் கொடுத்த நிமிடங்களின் பதிவை அழிக்காதீர்கள்

எங்கள் மருத்துவமனை நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். இதய அறுவை சிகிச்சையில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் மருந்து உடலில் ஏறும் நிமிடங்களின் பிரஷர் பதிவைச் சேமிக்க வேண்டும் என்று நாங்கள் முன்பே கேட்டு, 'பார்க்கலாம்' என்ற பதிலோடு நின்றுபோன அதே விஷயம்தான்.

போன வாரம் பைபாஸுக்கு வந்த ஓர் அம்மாவுக்கு, இதய நுரையீரல் இயந்திரத்தோடு இணைப்பதற்கு முன் ஹெப்பாரின் கொடுத்தோம். வழக்கமான அளவுதான், கிலோவுக்கு 300 யூனிட். இரண்டே நிமிடத்தில் 118 இருந்த பிரஷர் 62க்கு இறங்கியது. இதயத்தின் இடது பிரதான ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர். இந்தச் சரிவைத் தாங்கும் இதயம் அல்ல. பிரஷரை ஏற்றும் ஃபினைல்எஃப்ரின் மருந்தைக் கொடுத்து மீட்டோம்.

இப்போது அவருடைய சார்ட்டை எடுத்துப் பாருங்கள். 10.05க்கு 118, 10.10க்கு 104. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கையால் எழுதும் தாளில் 62 என்ற எண் விழவே இல்லை. ஓரத்தில் மருந்தின் பெயரை மட்டும் குறித்திருக்கிறோம். மணிக்கட்டுத் தமனியில் போட்ட லைன் (மெல்லிய குழாய்) ஒவ்வொரு துடிப்பையும் மானிட்டருக்கு அனுப்பியதே? அடுத்த நோயாளியின் பெயரை ஏற்றியதும் அதுவும் அழிந்துவிட்டது.

யாருக்கு இப்படி இறங்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதா என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். காலையில் பிரஷரைக் குறைக்கும் எனலாப்ரில் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவரா, பட்டினியில் நீர் வற்றியவரா, இதயத்தின் பம்பிங் குறைந்தவரா, இல்லை நாங்கள் மருந்தை வேகமாகச் செலுத்திவிட்டோமா? சந்தேகங்கள் நிறைய இருக்கின்றன. ஒன்றையாவது சரிபார்க்க அந்த நிமிடங்களின் பதிவு வேண்டும். அதைத்தான் தினமும் அழிக்கிறோம்.

2008இல் அமெரிக்காவில் கலப்பட ஹெப்பாரினால் பலருக்குத் திடீரென்று பிரஷர் விழுந்தது, உயிர்களும் போயின. செயின்ட் லூயிஸ் குழந்தைகள் மருத்துவமனை டயாலிசிஸ் பிரிவில் வழக்கத்துக்கு மாறாக ஏதோ நடக்கிறது என்று கவனித்துச் சொன்னதால்தான் விசாரணையே தொடங்கியது. அப்படி ஒரு மருந்துக் குப்பி நாளை நம் ஆபரேஷன் தியேட்டருக்கு வந்தால், எந்தத் தாளை வைத்துக் கண்டுபிடிப்போம்?

வாசலில் செயற்கை நுண்ணறிவு சிகிச்சை என்று பேனர் வைத்திருக்கிறீர்கள். வரவேற்பறைக்கு மூன்றாவது முறையாகப் பளிங்கு மாற்றியாகிவிட்டது. தியேட்டருக்கு ஒரு கணினி கேட்டால் பட்ஜெட் இல்லை என்கிறீர்கள். கோபம் வரத்தான் செய்கிறது, மன்னியுங்கள்.

கேட்பது இவ்வளவுதான். ஹெப்பாரின் கொடுப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பிருந்து இயந்திரத்தில் இணைக்கும் வரை உள்ள பிரஷர் பதிவை அழிக்காமல் சேமியுங்கள். முடிவில் ஹெப்பாரினின் வேலையை நிறுத்தும் புரோட்டமின் மருந்தைக் கொடுக்கும்போதும் அப்படியே. அதிலும் பிரஷர் விழுகிறது. நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு பெயரை நீக்கி வைத்துக்கொள்ளலாம். மானிட்டரிலிருந்து ஒரு கேபிள், தியேட்டருக்கு ஒரு கணினி போதும். அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொண்டு, முடிவை எழுத்தில் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இதய அறுவை சிகிச்சைப் பிரிவின் மயக்க மருத்துவர்