அடுப்படியில் எழுதும் வீட்டுப்பாடம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் தாத்தா பாட்டிமார்களுக்கும் வணக்கம்.

இந்த மாதக் கடிதத்தில் தேர்வு அட்டவணை இல்லை. அது தனியே வரும்.

சென்ற வாரம் நான்காம் வகுப்பு வீட்டுப்பாட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டை விரித்ததும் புகைவாடை அடித்தது. பக்கங்களின் ஓரம் பழுப்பேறிக் கிடந்தது. நடுமடிப்பைத் தட்டினால் மேசைமேல் சாம்பல். பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அடுப்படியிலதான் சார் எழுதுவேன். அம்மா அங்கதான் இருப்பாங்க. அப்பப்ப விறகைத் தள்ளிவிடணும்ல" என்றான், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல. விடைகள் எல்லாம் சரி. ஒன்பதாவது கணக்கில் மட்டும் எண்கள் ஈரத்தில் கலைந்திருந்தன. கண்ணைக் கசக்கிய கையோடு எழுதியிருக்க வேண்டும்.

அதன்பிறகு அந்தக் கட்டுக்குள் இருந்த மற்ற நோட்டுகளையும் முகர்ந்து பார்த்தேன். இன்னும் ஆறேழு நோட்டுகளில் அதே வாடை. யார் யாருடையது என்று யாரும் தேட வேண்டாம். நானும் அடுப்பு வெளிச்சத்தில் எழுதிப் படித்தவன்தான். ஊதுகுழலும் கையுமாக உட்கார்ந்திருந்த என் அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்தபோது, வயதாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். அவருக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. விறகுப் புகையில் நெடுங்காலம் சமைக்கும் பெண்களுக்குக் கண்புரை வரும் வாய்ப்பு கூடுதல் என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது, அவருடைய கண்ணாடி மட்டும்தான் வீட்டில் இருந்தது.

புகை என்பது எரியாமல் தப்பித்த விறகு. எங்கள் அறிவியல் ஆசிரியர் இதை ஒரு மெழுகுவத்தியும் ஒரு கரண்டியும் வைத்தே பிள்ளைகளுக்குக் காட்டினார். சுடரின் உச்சிக்கு மேலே கரண்டியைப் பிடித்தால் அவ்வளவாகக் கறை இல்லை. அதையே மஞ்சள் சுடருக்கு நடுவில் நுழைத்தால் நொடியில் கரி பூசிக்கொள்கிறது. எரிந்துகொண்டிருந்ததைப் பாதியிலேயே குளிரவைத்துவிட்டோம். ஈர விறகு அடுப்புக்குள் இதே வேலையைச் செய்கிறது. முதலில் அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாக வேண்டும். அதுவரை சூடு ஏறாது. சூடு ஏறாத வரை விறகிலிருந்து கிளம்பும் வாயுக்கள் எரியாமல் அப்படியே வெளியே வரும். தீ மூட்டும் முதல் சில நிமிடங்களிலும், கடைசியில் அணையவிடும்போதும் புகை மண்டுவது இதனால்தான்.

அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, பென்சீன், ஃபார்மால்டிஹைடு இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக நுண்துகள்கள். 2.5 மைக்ரான், அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. அதைவிடச் சிறியவையும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் கரி மூக்கில், தொண்டையில் நின்றுவிடும், சளியோடு வந்துவிடும். இவை நுரையீரலின் காற்றறைகள்வரை போகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் திருத்திய அளவுகோலின்படி காற்றில் இந்த நுண்துகளின் ஒரு நாள் சராசரி கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. காற்றோட்டமில்லாத விறகடுப்புச் சமையலறையில் சமையல் நேரத்தில் இது பல நூறுகளில் நிற்கும். ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு.

2020-ஆம் ஆண்டுக்கு அந்த நிறுவனம் போட்ட கணக்கு: வீட்டுக்குள் எழும் புகையால் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் மரணங்கள். அதில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் மட்டும் 2,37,000-க்கு மேல். மற்றவர்களைக் கொண்டுபோனவை மாரடைப்பு, பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, நிமோனியா, நுரையீரல் புற்றுநோய். இவற்றில் எதையும் மருத்துவச் சீட்டில் 'அடுப்பு' என்று எழுதமாட்டார்கள். அதனாலேயே நமக்கு அடுப்பின்மேல் சந்தேகம் வருவதில்லை.

வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள். பெரியவர்களைவிடக் குழந்தைகள் வேகமாக மூச்சுவிடுகிறார்கள். நுரையீரலும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அம்மாவின் இடுப்பில் இருக்கும் குழந்தை அம்மா சுவாசிக்கும் புகையைத்தான் சுவாசிக்கிறது. இருமலோ சளியோ இருந்தால், குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவது சரிவராது. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு மாதம்கூட ஆகாத குழந்தை என்றால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், நேரே கிளம்புங்கள். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும் காத்திருக்கக் கூடாது.

சரி, என்ன செய்வது? எல்லா வீட்டிலும் நாளைக்கே விறகடுப்பை இடித்துவிடுங்கள் என்று சொல்ல நான் யார்? புதுப் பழக்கம் எதுவும் பழையதை ஒரேயடியாகத் துரத்துவதில்லை. கேஸ் அடுப்பு இருக்கும் பல வீடுகளில் விறகடுப்பும் கூடவே எரிகிறது. பால் காய்ச்சவும், விருந்தாளி வந்தால் அவசரத்துக்கும் கேஸ். மணிக்கணக்கில் வேக வேண்டியதற்கும் குளிக்க வெந்நீருக்கும் விறகு. சிக்கனம் என்று பார்த்தால் இது புரிகிறது. புகைக் கணக்கில் பார்த்தால் தலைகீழ். ஐந்து நிமிட வேலையைச் சுத்தமான அடுப்புக்கு மாற்றிவிட்டு, இரண்டு மணி நேரப் புகையை அப்படியே வைத்திருக்கிறோம். எனவே நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் எந்த வேலைக்கு அடுப்பு அதிக நேரம் எரிகிறதோ, அதை முதலில் மாற்றுங்கள்.

பாதிப் புகை குறைந்தால் பாதி நோய் குறையும் என்று கணக்குப் போட முடியாது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். குவாத்தமாலாவில் கிர்க் ஸ்மித் என்ற ஆய்வாளரின் தலைமையில் 500-க்கும் மேற்பட்ட வீடுகளில் ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதி வீடுகளுக்குப் புகைபோக்கி வைத்த விறகடுப்பு, மீதி வீடுகளில் பழைய திறந்த அடுப்பு. 2011-இல் முடிவு வெளியானது. புகைபோக்கி இருந்த வீட்டுக் குழந்தைகள் சுவாசித்த கார்பன் மோனாக்சைடு பாதியானது. ஆனால் மருத்துவர்கள் உறுதிசெய்த நிமோனியா மொத்தமாகத் திட்டவட்டமாகக் குறையவில்லை. கடுமையான நிமோனியா மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மிச்சமிருந்த புகையே குழந்தைகளுக்கு அதிகம் என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

புகைபோக்கி வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. சீனாவின் ஷுவான்வெய் பகுதியில் புகையும் நிலக்கரியை வீட்டு நடுவில் குழியில் போட்டு எரித்துவந்தார்கள். அங்கே பெண்கள் புகைபிடிப்பது அபூர்வம், ஆனாலும் நுரையீரல் புற்றுநோய் மிக அதிகம். புகைபோக்கி அடுப்புக்கு மாறிய குடும்பங்களில் அந்த ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததை 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. அடுப்பை மாற்ற முடியாதவர்கள் புகைபோக்கியாவது வையுங்கள், கூரைக்கு மேலே நன்றாக உயர்த்தி வையுங்கள். இல்லையென்றால் நம் வீட்டை விட்டுப் போன புகை பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே போகும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குவாத்தமாலா, இந்தியா, பெரு, ருவாண்டா நான்கு நாடுகளிலும் கர்ப்பிணிகளுக்கு எரிவாயு அடுப்பு கொடுத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. அவர்கள் சுவாசித்த நுண்துகள் மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. பிறந்த குழந்தைகளின் எடையில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை. அடுப்பை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் இதை நினைவில் வையுங்கள். இருமாமல், கண் கரிக்காமல் சமைத்து முடிப்பதே எனக்குப் போதுமான காரணமாகத் தெரிகிறது.

எதற்கு மாறலாம் என்பது அவரவர் வசதி. கேஸ் கிடைத்தால் நல்லது. அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். வாடை வந்தால் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றித் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். மஞ்சள் என்றால் கரி என்பதை மெழுகுவத்தியிலேயே பார்த்தோம். கரண்ட் நம்பகமாக இருக்கும் வீட்டில் இண்டக்சன் அடுப்பு இன்னும் மேல், அதில் எரிவதே எதுவுமில்லை. இருக்கும் பாத்திரங்கள் ஆகுமா என்று தெரிய அடிப்பாகத்தில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள், ஒட்டினால் ஆகும். மாடு இருக்கும் வீட்டுக்குச் சாண எரிவாயு. வறட்டி தட்டி எரித்தால் புகையாகும் அதே சாணம், கலனில் போனால் நீலச் சுடராகிறது, மிச்சக் கரைசல் வயலுக்கு உரமாகிறது.

விறகைத் தவிர வேறு வழியே இல்லாதவர்கள் அதைச் சிறு சிறு துண்டாகப் பிளந்து, தரையில் படாமல் கூரையடியில் அடுக்கி நன்றாகக் காயவையுங்கள். பாத்திரத்தை மூடிச் சமையுங்கள். பயறு வகைகளை முன்கூட்டியே ஊறவையுங்கள். பிரஷர் குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டி 120 டிகிரி அளவுக்குச் சூடாகும் என்பதால் வேகும் நேரம் வெகுவாகக் குறையும். அந்த அளவுக்குப் புகையும் மிச்சம். ஒரு கொதி வந்த பாத்திரத்தை இறக்கி, வைக்கோல் திணித்த பெட்டிக்குள் இறுக மூடி வைத்தால் மீதி வேகுதல் அந்தச் சூட்டிலேயே நடக்கும்.

தீ பிடிக்கவில்லை என்று பிளாஸ்டிக் பையைச் செருகிப் பற்றவைப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பெயின்ட் அடித்த பழைய பலகையும் வேண்டாம். அந்தப் புகை வேறு ரகம், விறகுப் புகையைவிடக் கொடியது. காய்ந்த சிராயும் காகிதமும் போதும்.

அடுப்புக்கரி புகையாது, அதனால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. குளிருக்காகக் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவை மூடிக்கொண்டு தூங்குவது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாடையில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டவேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு போய் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி. தூக்கம் வருகிறது என்று நினைத்துப் படுத்தால் எழுவதில்லை. மண்ணெண்ணெயையும் வீட்டு உபயோகத்துக்கு வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் 2014-இல் அறிவுறுத்தியது. இருக்கும் மண்ணெண்ணெயைக் குடிநீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

உங்களுக்கு இவ்வளவு சொல்லும் பள்ளி என்ன செய்தது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்பக்கம் சருகையும் காகிதத்தையும் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தோம். காற்று திரும்பினால் இரண்டாம் வகுப்பு ஜன்னலை மூடச் சொல்வோம். கொளுத்துவதை நிறுத்த வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்திதான், அந்த மெழுகுவத்திப் பாடம் முடிந்த கையோடு, "அப்ப நம்ம பண்றதும் தப்புதானே சார்?" என்று கேட்டாள். இப்போது சருகு குழிக்குப் போகிறது, மட்கியதும் செடிக்கு.

உங்கள் வீட்டில் என்ன அடுப்பு என்று வகுப்பில் யாரையும் கை தூக்கச் சொல்லமாட்டோம். புகைவாடை என்று ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை கேலி செய்தால் என்னிடம் சொல்லுங்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். சுள்ளி பொறுக்கப் போனதால் தாமதமாக வரும் பிள்ளைகளை, பெரும்பாலும் பெண்பிள்ளைகளை, வாசலில் நிறுத்தி வைக்கக் கூடாது என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த வேலை ஒரு பிள்ளையின் தலையிலேயே தினமும் விழாமல் அண்ணன் தம்பிகளுக்கும் பங்கிட்டுக் கொடுங்கள். அடுப்பு மூட்டும் நேரத்தில் எந்தப் பிள்ளையும் அடுப்படியில் இருக்க வேண்டாம்.

அடுத்த திங்கள் முதல் பள்ளி முடிந்த பின் ஒன்றரை மணி நேரம் நூலகம் திறந்திருக்கும். விளக்கு, பாய், குடிதண்ணீர் இருக்கும். வீட்டுப்பாடத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கடைசிப் பிள்ளை கிளம்பும்வரை ஓர் ஆசிரியர் உடனிருப்பார். கூட்டிப்போக யார் வருவார்கள் என்பதை மட்டும் நாட்குறிப்பில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்