பட்டிமன்றத் தலைப்பை மாற்றுங்கள், ஐயா

அன்புள்ள விழாக்குழு அண்ணன்மாருக்கும், நடுவர் ஐயாவுக்கும்,

வணக்கம். நோட்டீஸ் கிடைத்தது. "ரஷ் இசைக்குழு நின்றது நோயினாலா? மனமில்லாததாலா?" என்று கொட்டை எழுத்தில் போட்டு, 'நோயினாலே' அணியில் மூன்றாவது ஆளாக என் பெயரையும் சேர்த்திருக்கிறீர்கள். என்னைக் கேட்காமல் போட்டதில் வருத்தமில்லை. நம் விழாக்களில் அது வழக்கம்தான். கனடாவின் அந்த மூவர் ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்த நீல் பியர்ட்டின் பெயரை 'பெர்ட்' என்று அச்சடித்ததையும் விட்டுவிடுகிறேன், பாதி உலகம் அப்படித்தான் சொல்கிறது. தலைப்பைத்தான் விட முடியவில்லை. தயவுசெய்து மாற்றுங்கள்.

இந்தப் பேச்சு ஏன் இப்போது கிளம்பியது என்று எனக்குத் தெரியும். குழுவின் மற்ற இருவரான பாடகர் கெடி லீயும் கிட்டார்காரர் அலெக்ஸ் லைஃப்சனும் மறுபடி மேடையேறப் போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். டிரம்ஸுக்கு ஜெர்மனியிலிருந்து அனிகா நிலெஸ். ஊர்ப் பட்டியலில் நம் டொராண்டோவும் இருந்தது. அன்றைக்கே நம் ஆட்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "பார்த்தாயா, ஆள் கிடைக்காமலா இருந்தது? அந்த மனுஷன் பியர்ட் ஒத்துழைத்திருந்தால் 2015இல் நிறுத்தியிருக்கவே வேண்டாம்." வாய்ப்பேச்சாக இருந்தவரை பொறுத்துக்கொண்டேன். நீங்கள் அதற்கு மேடையும் மைக்கும் மணியும் ஏற்பாடு செய்துவிட்டீர்கள்.

என் அணிக்கு என்ன வேலை என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். நான் எழுந்து, மைக்கைத் தட்டிப் பார்த்து, அவையோருக்கு வணக்கம் சொல்லி, ஒரு மனிதருக்கு எங்கெங்கே வலித்தது என்று பட்டியல் போட வேண்டும். தோள். கையில் தசைநாண் வீக்கம். கடைசிச் சுற்றுப்பயணத்தில் பாதத்தில் புண்ணாகி, மேடைவரை நடப்பதே பெரும்பாடாக இருந்தது. அந்தக் காலால்தான் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, இரவுக்கு இரவு, பெடலை மிதித்தார். வயது 62. மொத்தம் 35 கச்சேரிகள். நான் இதைச் சொல்லி முடித்ததும் எதிரணி அண்ணன் எழுந்திருப்பார். "தோள்வலி எனக்கும்தான் இருக்கிறது, நான் வேலைக்குப் போகவில்லையா?" என்பார். கைதட்டல் பறக்கும். நீங்கள் மணியடிப்பீர்கள்.

எனக்கும் தோள்வலி உண்டு. போன பனிக்காலத்தில் இருபது கிலோ அரிசி மூட்டையை டிரங்கிலிருந்து தூக்கி வைக்க முடியாமல் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். அவன் என்னிடம் மெடிக்கல் சர்டிபிகேட் கேட்கவில்லை.

சரி, பியர்ட்டைக் குறை சொன்ன பாவத்தில் எனக்கும் பங்குண்டு. அதை ஒளிக்கக் கூடாது. 2017இல், நம்மில் ஒருவர் வீட்டு பேஸ்மென்டில், பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, "பணம் சேர்ந்துவிட்டது, இனி எதற்குக் கஷ்டப்பட வேண்டும் என்று ஒதுங்கிவிட்டார்" என்று சொன்னது நான்தான். உங்களில் நாலு பேர் சிரித்தீர்கள். அப்போது அவருக்கு மூளையில் புற்றுநோய் வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது, அல்லது அப்போதுதான் ஆகியிருக்கும். 2016இல் கண்டுபிடித்தார்கள். கிளியோபிளாஸ்டோமா. குறுக்கெழுத்துப் போட்டியைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டு எழுந்திருக்கிற ஆள், கட்டங்களை நிரப்ப முடியாமல் தடுமாறியதுதான் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. அந்தக் குழுவின் பாட்டு வரிகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் அவர். வார்த்தைதான் முதலில் கையைவிட்டுப் போயிருக்கிறது.

மூன்றரை வருடம். நெருங்கிய சிலரைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார், அவர்களும் காப்பாற்றினார்கள். அந்த மூன்றரை வருடமும் கெடி லீயையும் லைஃப்சனையும் எங்கே பார்த்தாலும் நம்மைப் போன்றவர்கள் ஒரே கேள்விதான் கேட்டோம்: எப்போது திரும்ப வாசிப்பீர்கள்? நண்பன் செத்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்ல முடியாமல், மழுப்பியும் பொய் சொல்லியும் ஆக வேண்டியிருந்தது, அது கஷ்டமாக இருந்தது என்று பிற்பாடு லீயே சொன்னார். 2020 ஜனவரி 7ஆம் தேதி பியர்ட் இறந்தார். செய்தியே மூன்று நாள் கழித்துத்தான் வெளியே வந்தது. அன்று இரவு நாம் எல்லோரும் அழுதோம். 2017இல் சொன்னதைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

'நோயினாலே' அணி சுலபமாக ஜெயிக்கும் என்று நினைத்துத்தானே, ரசிகன் என்று எனக்கு அந்தப் பக்கம் இடம் கொடுத்தீர்கள்? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2015 ஆகஸ்ட் 1ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கில் கடைசியாக வாசித்தபோது அவருக்குப் புற்றுநோய் என்று அவருக்கே தெரியாது. நிறுத்தியதற்குக் காரணம் கையும் தோளும், வீட்டில் இருந்த சின்ன மகளும், தன் தரம் இறங்குவதற்குள் எழுந்துவிட வேண்டும் என்ற பிடிவாதமும். இதில் எது நோய், எது மனம்? எந்த அணிக்கு எதைக் கொடுப்பீர்கள்? நடுவர் ஐயா கடைசியில் "உடலும் மனமும் ஒரு நாணயத்தின் இரு பக்கங்கள்" என்று தீர்ப்புச் சொல்லிப் பொன்னாடை வாங்கிக்கொள்வார். மன்னிக்க வேண்டும், ஐயா, ஆனால் சொல்வீர்கள்.

மனமில்லாதவர் என்று சொல்கிறவர்களுக்கு இன்னொன்று. 1997இல் அவருடைய 19 வயது மகள் கார் விபத்தில் போனாள். பத்து மாதத்தில் மனைவி புற்றுநோயில் போனார். தன்னை ஓய்வுபெற்றவனாக நினைத்துக்கொள்ளும்படி மற்ற இருவரிடம் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளில் 88,000 கிலோமீட்டர் சுற்றினார். லீயும் லைஃப்சனும் வேறு டிரம்மர் தேடவில்லை, கெடு வைக்கவில்லை. காத்திருந்தார்கள். அவரே திரும்பி வந்தார், 2002இல் புது ஆல்பம் வந்தது. குழு நின்றுபோனது அவர்கள் இருவருக்கும்தான். அவர்களே பொறுத்துக்கொண்டார்கள். டிக்கெட் வாங்கிய நமக்குத்தான் பொறுமை போதவில்லை.

ஜான் ரட்ஸியை உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ரஷ்ஷின் முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர். நீரிழிவு இருந்தது, ஊர் ஊராகப் போகும் வாழ்க்கை ஒத்துவரவில்லை, இசையிலும் மற்றவர்களோடு ருசி வேறுபட்டது. 1974இல் விலகினார். அந்த இடத்துக்குத்தான் பக்கத்து செயின்ட் கேதரின்ஸில் அப்பாவின் விவசாயக் கருவி நிறுவனத்தில் உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்த பியர்ட் வந்தார். இரண்டு வாரத்தில் பிட்ஸ்பர்க்கில் முதல் கச்சேரி. ரட்ஸிக்கு நோயா, மனமில்லையா என்று இதுவரை யாரும் பட்டிமன்றம் வைத்ததில்லை. 2008இல் அவர் இறந்தது நம்மில் பலருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அவரை நாம் நிம்மதியாக விட்டதற்குக் காரணம் மரியாதை இல்லை, மறதி.

ஆர்.ஈ.எம். என்ற அமெரிக்க ராக் குழுவின் டிரம்மர் பில் பெர்ரி 1995இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் கச்சேரி நடுவே மூளை ரத்தக்குழாய் வெடித்து விழுந்தார், பிழைத்தார், இரண்டு வருடம் கழித்து விலகினார். மற்ற மூவரும் 2011 வரை ஓட்டினார்கள். ஏசி/டிசி ராக் குழுவில் கிட்டார் வாசித்த மால்கம் யங்குக்கு மறதிநோய் வந்தபோது அண்ணன் மகனை வைத்துக்கொண்டு தொடர்ந்தார்கள். தொடர்ந்தால் பேராசை என்கிறோம், நிறுத்தினால் சுயநலம் என்கிறோம்.

இதற்கெல்லாம் வேர் இந்த மதிப்பெண் புத்திதான். நூறு சிறந்த டிரம்மர், ஐம்பது சிறந்த கிட்டார், யார் பாரம்பரியம் பெரிது, யார் கடைசிவரை நின்றார். ராக் இசைக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமை நாம் திட்டாத நாள் உண்டா? தகுதி வந்த பிறகும் 2013 வரை ரஷ்ஷை வாசலில் நிறுத்தினார்கள் என்று எத்தனை வருடம் கத்தினோம். இப்போது நாமே மேசை போட்டு உட்கார்ந்து மார்க் போடுகிறோம். அடுத்த ஆண்டு யார் நாடித்துடிப்பைப் பிடித்துப் பார்க்கப் போகிறீர்கள்? கூடவே ஒரு ரத்த அழுத்தக் கருவியும் வாங்கிவிடுங்கள், வாழ்நாள் உறுப்பினர் சந்தாவில் கழித்துக்கொள்ளலாம்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன். மன்னியுங்கள்.

நான் கேட்பது தலைப்பை மாற்றுவது மட்டும்தான். நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை. சண்டை போட நமக்கு விஷயமா இல்லை? "ரஷ் இசைக்கு ஏற்றம் தந்தது கிட்டாரா, சின்தசைசரா?" என்று வையுங்கள். எண்பதுகளில் சின்தசைசர் ஏறிக்கொண்டே போனதில் லைஃப்சனுக்கே மனக்குறை இருந்தது, அதனால் இரண்டு பக்கமும் சரக்கு உண்டு. இல்லையென்றால் டிரம்ஸில் பெரியவர் லெட் செப்பலின் குழுவின் பான்ஹமா, பியர்ட்டா என்று வையுங்கள். அதில் எந்த அணியில் போட்டாலும் பேசுகிறேன், மணியடித்தாலும் நிறுத்த மாட்டேன். அங்கே நாம் எடைபோடுவது அவர்கள் வாசித்ததை.

நோட்டீஸ் மறுபடி அச்சடிக்கச் செலவாகும் என்று பொருளாளர் அண்ணன் சொல்வார். அதை நான் கொடுத்துவிடுகிறேன். 'பெர்ட்' என்ற எழுத்துப்பிழையையும் அப்படியே திருத்திவிடலாம். வியாழக்கிழமைக்குள் சொன்னால் போதும், அச்சகம் என் வேலைக்குப் போகும் வழியில்தான். தலைப்பு இதுவேதான் என்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள். ஸ்பீக்கர் பெட்டிகளை எப்படியும் சனிக்கிழமை காலை கொண்டுவந்து இறக்குகிறேன், தூக்க மட்டும் ஒரு பையனை அனுப்புங்கள்.

அன்புடன்,
'நோயினாலே' அணியின் மூன்றாவது பேச்சாளர்