மோக்காவுக்கு ஒரு சுவர் போதும்

செங்கோட்டை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

ஹால் முழுவதும் மோக்கா மூஸ் பெயிண்ட் அடிக்கப் போவதாக நீ சொன்னதிலிருந்து, "சுவருக்கு யாராவது காப்பி நிறம் அடிப்பார்களா?" என்று உன் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் அவள் கட்சி இல்லை. நல்ல நிறம்தான். நான்கு சுவருக்கும் வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

மோக்காவை ஆண்டின் நிறமாக அறிவித்தது அமெரிக்காவின் பான்டோன் நிறுவனம். 2000-ஆம் ஆண்டுக்கு வான நீலத்தைச் சொல்லித் தொடங்கிய வழக்கம் அது. பான்டோன் பெயிண்ட் கம்பெனி அல்ல. துணி, கைப்பை, அச்சு வேலை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் நிறம் சொல்கிறார்கள். 2023-இல் மெஜந்தா, 2024-இல் பீச், 2025-இல் உன் மோக்கா, 2026-க்கு வெள்ளை! சுடிதார் என்றால் அடுத்த வருடம் பீரோவுக்குள் போய்விடும். சுவரை எங்கே மடித்து வைப்பாய்?

நம் பெயிண்ட் கடைக்கு மலைக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் வருவதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. கேரளப் பக்கம் ஆரியங்காவு, தென்மலையிலிருந்து வருகிறவர்கள் கிளிப்பச்சை, ஊதா என்று கைப்பேசியில் படம் காட்டுவார்கள். நம் ஊர்க்காரர்கள் சந்தன நிறத்தை விட்டு நகர மாட்டார்கள். 1956-இல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேரும் வரை எல்லோரும் ஒரே திருவிதாங்கூர்ப் பக்கத்து ஆட்கள்தாம், பெயிண்டில் மட்டும் ஒத்துப்போவதில்லை. ஆனால் இருவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: நிறத்தை முடிவு செய்வது டின் அல்ல, வெளிச்சம். ஒரே சாம்பல் ஷேடு, ஆனி ஆடிச் சாரலில் மேகம் மூடிக் கிடக்கும் நம் தெருவில் அழுது வடியும். வெயில் காயும் ஆலங்குளத்துப் பக்கம் எடுப்பாக நிற்கும்.

உன் ஹாலுக்கு இருப்பது ஒரே ஜன்னல். அதற்கு எதிரிலும் இன்னொரு அடுக்குமாடி. பெயிண்ட் நிறங்களைக் காட்டும் ஷேடு கார்டுகள் சிலவற்றில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருக்கும்: சுவரில் படும் வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்ற கணக்கு. முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. மோக்கா பாதிக்கும் கீழே. நான்கு சுவரும் அதுவானால் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கும். ஆகவே ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவருக்கு மட்டும் மோக்கா அடி. வெளிச்சம் நேராக விழுவது அங்கேதான். மற்ற மூன்றுக்கும் லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை. நாளை மோகம் தீர்ந்தாலும் ஒரு சுவரின் செலவோடு போகும்.

கார்டில் பார்ப்பதை நம்பாதே. விரலளவுத் துண்டில் அடக்கமாகத் தெரிவது சுவர் முழுக்க ஏறியதும் அழுத்தமாகிவிடும். பெரிய அட்டை ஒன்றில் இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு, காலை, மதியம், இரவு என்று சுவர் சுவராகச் சாய்த்துப் பார். விளக்கையும் கவனி. 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி.யில் இந்தப் பழுப்பு சேறு மாதிரி வெளிறும். 2700 கெல்வின் மஞ்சள் விளக்கில்தான் அதற்கு உயிர் வரும். மாப்பிள்ளைக்கு வெள்ளை விளக்குதான் பிடிக்கும் என்று தெரியும். அதை நீங்களே பேசி முடியுங்கள்.

பேரன் கிரேயானோடு திரிகிற வீடு, அவன் கை எட்டும் சுவருக்குக் கழுவக்கூடிய எமல்ஷன் பெயிண்டே வாங்கு. பளபளப்பு அதிகமானால் பட்டி வேலையின் மேடு பள்ளம் எல்லாம் தெரியும். லேசான மினுமினுப்பு போதும். தேவையான டின்களை ஒரே பேட்ச்சில் ஒன்றாக வாங்கிவிடு. மெஷினில் நிறம் கலந்த பெயிண்டை எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுக்க மாட்டார், நானும் எடுத்ததில்லை. மிச்சத்தை எறியாதே, கீறல் விழுந்தால் தொட்டு விடலாம்.

வேலை தொடங்கும் தேதியைச் சொல். கூட மாட இருக்க வருகிறேன் என்று அம்மா துடிக்கிறாள். பெயிண்ட் வாசனை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. எல்லாம் முடிந்த பிறகு ரயில் ஏற்றி விடுகிறேன்.

அன்புடன்,
அப்பா