கதவை விற்பதற்கு முன்னால் ஒரு படம்: செட்டிநாட்டு வீட்டுப் பங்காளிகளுக்கு

அன்புள்ள ஐயாமாருக்கும் ஆச்சிமாருக்கும்,

நான் உங்கள் ஊர்க்காரன் இல்லை. மதுரையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தால் விடிவதற்குள் பஸ் ஏறிக் காரைக்குடிப் பக்கம் வந்துவிடுவேன். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று தெருத்தெருவாக நடந்து கதவுகளைப் படம் எடுக்கிற கிறுக்கு. உங்கள் வீட்டு வாசலில் போனை நீட்டிக்கொண்டு நின்ற ஒருத்தனை வாட்ச்மேன் விரட்டியதாகக் கேள்விப்பட்டிருந்தால் அது நானாகவே இருக்கலாம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊரில் (பெயர் வேண்டாம், வீட்டுக்காரர்களுக்குச் சங்கடம்) ஒரு கதவை எடுத்தேன். நிலையின் மேல்கட்டையில் நடுவே கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானை, அதற்கு அப்பால் கிளி வரிசை. எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப்போன பர்மாத் தேக்கு. இடது கதவில் ஒரு பித்தளைக் குமிழ் விழுந்துபோய், அந்த ஓட்டையை யாரோ மரத்துண்டு செதுக்கி அடைத்திருந்தார்கள். வலது கதவின் கீழ்மூலையில் வேப்பிலை அளவுக்கு ஒரு கருகல். என்றைக்கோ ஒரு கார்த்திகைக்கு விளக்கைக் கொஞ்சம் நெருக்கி வைத்துவிட்டார்கள் போல.

போன மாசம் அதே தெருவுக்குப் போனால் கதவு இருந்த இடத்தில் ஹாலோபிளாக் அடுக்கி நடுவில் ஒரு இரும்பு கேட். சரி, நமக்கென்ன என்று காரைக்குடிக்குத் திரும்பி, முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு போகையில், ஒரு கடையின் ஓரத்தில் தகரத்துக்கும் உரலுக்கும் நடுவே கிடையாகக் கிடக்கிறது ஒரு கதவு. குனிந்து பார்த்தேன். அதே வேப்பிலைக் கருகல்.

"நிலை எங்கண்ணே?"

"நிலை தனியாப் போயிருச்சு சார். இது டைனிங் டேபிளுக்குக் கேட்டிருக்காங்க, மேல கண்ணாடி போட்டுக்குவாங்க."

"எந்த ஊரு வீடு?"

"லாட்டா வந்தது சார், யாருக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். என் போனில் இருக்கிறது. ஆனால் அது தற்செயல்தானே. நான் எடுக்காமல் விட்ட நூற்றுக்கணக்கான கதவுகளுக்கு யார் போனில் என்ன இருக்கிறது?

விற்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. தாத்தா பெயரில் பட்டா, இருபது முப்பது பங்கு, ஒருத்தர் சென்னை, ஒருத்தர் சிங்கப்பூர். மழை வந்தால் உள்முற்றத்து வளவில் ஒழுகுகிறது, ஓடுகளைப் பிரித்து மாற்றலாமென்றால் எல்லாரும் ஒப்ப வேண்டும், காசும் போட வேண்டும். பஸ் ஏறி வந்து படம் எடுத்துவிட்டு மத்தியானம் மெஸ்ஸில் சாப்பிட்டுப் போகிறவன் உங்களுக்குப் புத்தி சொல்வது அநியாயம்.

நான் கேட்பது ஒன்றுதான். கழற்றுவதற்கு முன்னால், கதவு இருக்கிற இடத்திலேயே வைத்துப் படம் எடுத்துவிடுங்கள்.

இடத்தில் வைத்து என்று ஏன் அழுத்துகிறேன் என்றால், உங்கள் வீட்டுக் கதவு தனிச்சாமான் இல்லை. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகளில், முகப்பில் நின்று பார்த்தால் வாசலுக்குள் வாசல், அதற்குள் வாசல் என்று நேர்கோட்டில் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் தபால்தலை அளவுக்கு வெளிச்சம் தெரியும். அதை எந்த டைனிங் டேபிளிலும் பார்க்க முடியாது. பல பழைய கதவுகளுக்குக் கீலே கிடையாது, கதவிலேயே விட்ட குடுமிதான் நிலையின் குழியில் உட்கார்ந்து சுற்றும். அந்த நிலைக்கும் அந்தக் கதவுக்கும்தான் பொருத்தம். நிலை வைத்த அன்றைக்கு அடியில் நவதானியமும் காசும் போட்டுப் பூசை செய்திருப்பார்கள். கழற்றும்போது அதெல்லாம் மண்ணோடு போகும்.

எடுப்பதும் பெரிய வித்தை இல்லை. கிழக்குப் பார்த்த வாசல் என்றால் காலை ஏழு, ஏழரைக்கு எடுங்கள், சாய்வெயிலில் செதுக்கலின் நிழல் விழுந்து கிளியின் மூக்கு வரைக்கும் தெரியும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், எல்லாம் தட்டையாகிவிடும். எட்ட நின்று முகப்போடு ஒன்று, சாத்தி ஒன்று, திறந்து ஒன்று. அப்புறம் உட்பக்கம், தாழ்ப்பாள், குடுமிக் குழி. இந்த உட்பக்கத்தை எல்லாரும் மறந்துவிடுகிறோம், நானும்தான். எல்லாம் எடுத்த பிறகு விலாசம், ஊர், தெரு, தெரிந்தால் நிலை வைத்த வருஷம் எழுதிக் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். எவர்சில்வர் தம்ளரில்கூட விலாசம் வெட்டி வைக்கிற குடும்பங்கள் நீங்கள். கதவுக்கு மட்டும் ஒரு எழுத்து இல்லாமல் லாரியில் ஏற்றுவது எனக்குப் புரியவே இல்லை.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பொருள் 100 வயதைத் தாண்டியிருந்தால் அதுவும் தொல்பொருள். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, உள்நாட்டில் வியாபாரம் பண்ணவே லைசென்ஸ் வேண்டும். உங்கள் வீடுகளில் நிறைய 100-ஐத் தாண்டியவை. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் இருப்பதும் உங்களுக்குத் தெரியும். அதனால் எந்த லாரியும் நிற்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

உங்கள் பயமும் நியாயம்தான். பூட்டிக் கிடக்கிற வீட்டை ஒருத்தன் படம் எடுத்து ஊர் பேரோடு போட்டால், திருடனுக்கும் தரகனுக்கும் வழி சொன்ன மாதிரி. ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். போன் எடுக்கிற படத்துக்குள்ளேயே எங்கே எடுத்தது என்று காட்டிக்கொடுக்கிற இடக்குறி உட்கார்ந்திருக்கும் என்பது ஒரு ஆச்சி திட்டிய பிறகுதான் உறைத்தது. இப்போது ஆள் இல்லாத வீடு என்றால் இடக்குறியை எடுத்துவிட்டு, ஊரும் சொல்லாமல்தான் போடுகிறேன். கல்யாண போட்டோ எடுக்கிறேன் என்று திண்ணையில் செருப்போடு ஏறுகிறவர்களுக்கு நான் பொறுப்பில்லை, அவர்களை நன்றாக விரட்டுங்கள்.

தை பிறந்ததும் மறுபடி வருவேன். கழற்றப்போகிற கதவு இருந்தால் வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். காசு வேண்டாம், எடுத்த அத்தனையையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

அந்தக் கருகல் கதவு வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: உங்கள் வாசலின் பதினொரு படம் என்னிடம் இருக்கிறது, நிலையோடு. வாங்கிக்கொள்ளுங்கள். அந்த விளக்கை நெருக்கி வைத்தது யார் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.