திண்ணைக்கல் விஷயம்

காட்பாடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள கோமதி,

எட்டு மாதமாகக் கடிதம் இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய். வைத்துக்கொள். வீடு கட்டுகிறவளிடம் கடிதத்தை எதிர்பார்த்தது உன் தப்பு. இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. மாமியாருக்குக் கோபம் ஏறியிருக்கிறது. கோபத்துக்குக் காரணம் கல். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படி.

வெளிச்சுவருக்குக் கருங்கல் போல அச்சடித்த டைல்ஸ் ஒட்டலாம் என்று இன்ஜினீயர் ஒரு புத்தகத்தை நீட்டினார். எனக்கு வந்த ஆத்திரம்! வேலூர்க் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 16ஆம் நூற்றாண்டில் அடுக்கிய கல், 1806 கலகத்தையும் பார்த்துவிட்டு, இன்னும் அகழியில் முகம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்த ஊரில் போய்க் கல் படம் ஒட்டுவதா? நிஜக் கல்தான், அதுவும் பழைய கல்தான் என்று சொல்லிவிட்டேன். அணைக்கட்டுப் பக்கம் ஒரு வீட்டை இடிக்கிறார்கள், கல் மலிவாக வரும் என்றார் மேஸ்திரி. வண்டி நம் ஊருக்குள் திரும்பியபோதுதான் வயிற்றில் ஏதோ செய்தது.

உன் வீடு, கோமதி.

உன் அண்ணன் விற்றது உனக்குத் தெரியும். வாங்கியவர் இடிப்பார் என்று உன்னிடம் யாராவது சொன்னார்களா? நான் போனபோது ஓடு இறங்கி, பாதிச் சுவரும் இறங்கியிருந்தது. உனக்குப் போன் செய்ய எடுத்தேன், வைத்துவிட்டேன். கோழை என்று திட்டு. நான் வாங்காவிட்டால் எல்லாம் ஜல்லியாகப் போயிருக்கும் என்பது மட்டும் உண்மை. மூன்று டிராக்டர் ஏற்றினேன்.

பிரிக்கும்போது ஒன்று பார்த்தேன். உன் தாத்தா கட்டிய முன்கட்டில் சுண்ணாம்புச் சாந்து. இரண்டு தட்டு தட்டினால் பொடியாக உதிர்ந்து, கல் குளித்துவிட்டு வந்ததுபோல முழுசாகக் கையில் வந்தது. 1987இல் அண்ணன் கல்யாணத்துக்காக உன் நைனா அவசரமாகப் போட்ட பின்கட்டில் சிமெண்ட். அது விடவே இல்லை. உளி வைத்தால் கல்லின் ஓரமும் சேர்ந்தே பெயர்ந்தது. பின்கட்டில் பாதி வீண். நைனாவைக் குறை சொல்லவில்லை, அந்தக் காலத்தில் எல்லோரும் சிமெண்ட் மயக்கத்தில்தான் இருந்தார்கள். ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்று ஒரு பையன் வந்தான்; கல்லில் இரும்பு இருந்தால் துருக்கறை கிளம்பும், தண்ணீரும் கம்பிப் பிரஷும் போதும் என்று மேஸ்திரி விரட்டிவிட்டார்.

ஆறு அங்குலக் கல்லை அப்படியே சுவரில் சாத்த முடியாதாம். சதுர அடிக்கு 38 கிலோ. அதற்குத் தனியாகக் கடைக்கால் போட வேண்டும். ஆகவே பட்டறையில் ஒன்றரை அங்குலமாக அறுத்தோம், ஒன்பதரை கிலோவுக்கு வந்தது. இதில் ஒரு வேடிக்கை: ஒரு கல்லை எத்தனை பலகையாக அறுத்தாலும் பழைய முகம் இரண்டுதான். நடுவில் வருவது நேற்றுப் பிறந்ததுபோலப் பளபளக்கிறது. அதையெல்லாம் பின்பக்கத் துவைக்கும் மேடைக்குத் தள்ளிவிட்டேன். ஒட்டும் பசையை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு பலகையின் முதுகிலும் காடி வெட்டி, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் சுவரோடு கட்டுகிறார்கள். சாதாரணக் கம்பி என்றால் துருவேறி உப்பி, கல்லையே பிளந்துவிடுமாம். மேற்குச் சுவரைத் தொடவில்லை. அங்கே கல் ஒட்டினால், நம் ஊர் மே மாதத்தில் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி படுக்கையறைக்குள் அதைக் கக்கும். கிழக்கு முகம் மட்டும் கல்.

போதும், நீ கொட்டாவி விடுவது இங்கே கேட்கிறது. விஷயத்துக்கு வருகிறேன்.

பட்டறையில் ரம்பத்தின் கீழே ஒரு பெரிய கல்லை ஏற்றியிருந்தார்கள். தண்ணீர் பாய்ச்சியதும் சேறு வழிந்து கோடுகள் தெரிந்தன. ஆடுபுலிக் கட்டம். நிறுத்துங்கள் என்று நான் போட்ட சத்தத்தில் ரம்பக்காரர் பயந்துவிட்டார். உன் வீட்டுத் திண்ணைக்கல், நான்கு அடி நீளம், இருநூறு கிலோ பக்கம் இருக்கும். ஆறு பேர் சேர்ந்து இறக்கினார்கள்.

மாமியாருக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. இடித்த வீட்டுக் கல் புது வீட்டுக்கு ஆகாது என்று ஏற்கெனவே முணுமுணுப்பு. இப்போது, "ஆயாவைக் கிடத்திய கல்லையா வாசலில் வைக்கப் போகிறாய்?" என்று சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்தப் பயம் கிடையாது. உன் ஆயா இறந்த அன்று அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவள் நான்தானே, நீ பஸ் கிடைக்காமல் மறுநாள்தான் வந்தாய். ஆனால் அந்தக் கல்லைத் தினமும் என் வாசலில் பார்க்க நீ எப்படி இருப்பாய் என்பது எனக்குத் தெரியவில்லை. நீ இனி என் வீட்டுக்கு வராமலே இருந்துவிடுவாயோ என்று இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

மேஸ்திரி சுவரில் நிறுத்திவைத்தால் அழகு என்கிறார். நிற்கிற கல்லில் எப்படி ஆடு வைப்பது? வேப்பமரத்தடியில் படுக்கப் போட்டால் இரண்டு பேர் உட்காரலாம். அது வேண்டாம், கல் உனக்கே வேண்டும் என்றால் லாரியில் கோவைக்கு ஏற்றிவிடுகிறேன். மூன்றாவது மாடிக்கு நீதான் தூக்கிக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை முன்பக்க வேலையை முடித்துவிடுவார், அதற்குள் சொல். இரவு எட்டுக்குமேல் போன் செய், அப்போதுதான் மாமியார் தூங்குவார்.

இன்னொன்று. கட்டத்தின் வலது மூலையில், உன் ஆடு தப்பிக்க உளியால் நீ கொத்திச் சேர்த்த கள்ளக் கோடு அப்படியே இருக்கிறது. என் வீட்டுக்காரர் எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு கோடு அதிகமாக இருக்கிறதே என்றார். இப்போதாவது ஒத்துக்கொள்.

அன்புடன்,
மல்லிகா