விலாங்குகளை விட்டு எங்கே போவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் இளையோர் பக்கத்தில், சிட்னிக்குப் புதிதாக வந்தவர்கள் எந்த றக்பி லீக் அணியை ஆதரிக்கலாம் என்ற கட்டுரையைப் படித்தேன். எழுதிய தம்பி, மேற்குச் சிட்னியில் குடியிருப்பவர்களுக்கு பென்றித் பந்தர்ஸைச் சிபாரிசு செய்திருக்கிறார். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு தடவை சம்பியன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் அணியான பரமட்டா ஈல்ஸைப் பற்றி, அதாவது எங்கள் விலாங்குகளைப் பற்றி, ஒரே ஒரு வரி. 1986க்குப் பிறகு வென்றதில்லை, வீணாக மனம் நோக வேண்டாம் என்று முடித்துவிட்டார். அந்த ஒரு வரிதான் என்னை இந்தக் கடிதத்துக்கு உட்கார வைத்தது.

முதலில் ஒரு திருத்தம். ஓர் அணிக்குப் 15 பேர் என்று கட்டுரையில் வந்திருக்கிறது. அது றக்பி யூனியன். லீக்கில் 13 பேர். கண்டியிலும் கொழும்பிலும் பள்ளிக்கூடங்கள் ஆடுவது யூனியன் என்பதால் நம்மவர்கள் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு, எனக்கும் இருந்தது. 1895இல் வட இங்கிலாந்துக் கழகங்கள் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிப் பிரிந்து போனதில் பிறந்தது லீக். சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு ஆட வரும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும், அன்று இழந்த கூலியைக் கழகம் கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் சண்டை. சிட்னியிலும் 1908இல் தொழிலாளர் பேட்டைகளில்தான் இது வேர் பிடித்தது. ஆகவே இது காசுக்காரர் விளையாட்டு என்று தம்பி போகிற போக்கில் எழுதியதும் சரியில்லை.

இனி என் கதை. நான் 1989இல் வென்ட்வேர்த்வில்லுக்கு வந்தேன். ஈல்ஸ் 1981, 1982, 1983, 1986 என்று நான்கு தடவை வென்று முடித்திருந்த நேரம். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு கலியாண வீட்டுக்குள் நுழைந்தவன் நிலைமை. வேலை செய்த பெட்டித் தொழிற்சாலையில் என் பக்கத்து மேசைக்காரர் பரமட்டாவிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேசையில் உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் வைத்து எனக்கு ஆட்டத்தைப் படிப்பித்தவர் அவர். பந்து கையில் இருக்கும் அணியை ஆறு தடவை மடக்கி விழுத்தினால் பந்து மற்றவர் கைக்குப் போய்விடும். அதனால் ஐந்தாவது முடிந்ததும் பந்தை உதைத்துத் தூர அனுப்பிவிடுவார்கள். பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் வைத்தால் அது ட்ரை, 4 புள்ளி, அதன் பிறகு கம்பத்துக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. இவ்வளவுதான். கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூவை விளங்கப்படுத்துவதை விட இது எவ்வளவோ சுகம்.

அவர் வீட்டில் ஒரு கரிந்த மரத்துண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. 1981இல் நியூட்டவுனை 20–11 என்று வென்று ஈல்ஸ் முதல் தடவை சம்பியனான இரவு, ரசிகர்கள் தங்கள் சொந்த மைதானமான கம்பர்லண்ட் ஓவலின் பார்வையாளர் மண்டபத்தையே கொளுத்திவிட்டார்கள். சந்தோஷத்தில்! அந்த மண்டபத்தின் துண்டு அது. தான் கொளுத்தவில்லை, மறுநாள்தான் போய்ப் பொறுக்கினேன் என்று ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சொல்வார். நான் நம்பியதில்லை.

கடைசியாக வென்ற 1986 இறுதியாட்டத்தையும் அவர்தான் எனக்கு வீடியோ கசெட்டில் காட்டினார். கன்டர்பரியை 4–2 என்று வென்ற ஆட்டம். இரு பக்கமும் ஒரு ட்ரை கூட இல்லை, எல்லாம் உதைத்து எடுத்த புள்ளிகள். எங்கள் வீரர்கள் ரே பிரைஸுக்கும் மிக் குரோனினுக்கும் அதுதான் கடைசி ஆட்டம். அவர் அதைக் கோயில் திருவிழா மாதிரிப் பார்ப்பார். எனக்கு, உள்ளதைச் சொன்னால், அலுப்பாகத்தான் இருந்தது.

என் மச்சான் ஹோம்புஷ்காரர், அதே கன்டர்பரி அணியின், அதாவது புல்டோக்ஸின், ஆதரவாளர். 1998இல் இறுதியாட்டத்துக்கு முந்திய ஆட்டத்தை அவர் வீட்டில் பார்த்தோம். நாங்கள் 18–2 என்று முன்னுக்கு நிற்கிறோம், இன்னும் பத்துப் பதினொரு நிமிடம்தான் மிச்சம். மச்சான் எழும்பி, தேத்தண்ணி வைக்கிறேன் என்று குசினிக்குப் போய்விட்டார். தண்ணீர் கொதித்து முடிவதற்குள் இங்கே எல்லாம் போயிற்று. மைதான ஓரத்திலிருந்து புல்டோக்ஸ் வீரர் டாரில் ஹாலிகன் உதைத்த உதையில் 18–18. மேலதிக நேரத்தில் 32–20 என்று தோற்றோம். அந்தத் தேத்தண்ணியை நான் குடிக்கவில்லை. மச்சான் இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

2001ஐப் பற்றி விரிவாக எழுத மனமில்லை. லீக் சுற்றில் 839 புள்ளிகள் குவித்து முதலிடத்தில் வந்த அணி, இறுதியாட்டத்தின் இடைவேளையில் நியூகாசிலிடம் 24–0 என்று பின்னுக்கு நின்றது. முடிவில் 30–24 என்று தோற்றோம். 2009இல் எட்டாவது இடத்திலிருந்து கிளம்பி இறுதி வரை போனோம். எங்கள் வீரர் ஜரிட் ஹெய்ன் ஓடிய ஓட்டத்துக்குப் பரமட்டாக் கடைத்தெருவே நீலமும் மஞ்சளுமாக மாறியிருந்தது. மெல்பனிடம் 23–16 என்று தோற்றோம். அடுத்த வருடம், வீரர்களுக்கான சம்பள வரம்பை மீறியதற்காக மெல்பனின் பட்டத்தைப் பறித்தார்கள். பறித்ததை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. வயிறெரிந்து திரிந்தோம். அப்புறம் 2016இல் அதே குற்றத்துக்கு எங்களுக்கே லீக் பட்டியலில் 12 புள்ளி வெட்டும் பத்து லட்சம் டொலர் அபராதமும் வந்தது. அன்றோடு நியாயம் பேசிக்கொண்டிருந்த எங்கள் வாயும் அடைத்துப்போயிற்று.

கடைசி இடத்துக்கு வருகிற அணிக்கு இங்கே மரக்கரண்டிப் பட்டம். நம் பாஷையில் அகப்பை. 2012, 2013, 2018 என்று மூன்று அகப்பை எங்கள் வீட்டில் கிடக்கிறது. சொதி துழாவத் தட்டுப்பாடில்லை. அந்த 2012இல்தான் நேதன் ஹிண்ட்மார்ஷ் ஓய்வு பெற்றார். 330 ஆட்டம், எல்லாம் இந்த ஓர் அணிக்கே. இரண்டு இறுதியாட்டம் ஆடி இரண்டிலும் தோற்றவர். அவருடைய தலைமுறையில் ஈல்ஸின் நீல மஞ்சளைப் போட்ட ஒருவருக்கும் பட்டம் கிடைக்கவில்லை. அவரைப் பார்த்துத்தான் என் மகள் ஈல்ஸ் பக்கம் வந்தாள்.

பரமட்டா என்ற பெயரே விலாங்கு கூடும் இடம் என்ற பொருள் கொண்ட, பூர்வகுடிகளான தாருக் மக்களின் சொல்லிலிருந்து வந்தது. ஈல்ஸ் என்றால் விலாங்குகள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்று நம்மூரில் சொல்வார்களே, எங்கள் அணிக்கு இதை விடப் பொருத்தமான பெயர் கிடையாது. மார்ச்சில் தலையைக் காட்டும். செப்டெம்பரில் வால்தான் தெரியும்.

2022 ஒக்டோபர் 2ஆம் திகதி, ஒரே நாளில், ஒரே மைதானத்தில் எங்கள் பெண்கள் அணிக்கும் ஆண்கள் அணிக்கும் இறுதியாட்டம். பெண்கள் லீக் சுற்றில் ஐந்தில் ஒன்றே ஒன்றை வென்றுவிட்டு, அரையிறுதியில் ரூஸ்டர்ஸைச் சாய்த்து வந்தவர்கள். நியூகாசிலிடம் 32–12 என்று தோற்றார்கள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, இண்டைக்கு ரெண்டு தரம் அழவேணும் போல கிடக்கு" என்றாள். பென்றித்திடம் 28–12. அவள் சொன்னபடியே நடந்தது. ரயிலில் எங்களோடு திரும்பிய கூட்டத்தில் பாதிப் பேர் கறுப்புச் சட்டை பென்றித்காரர். ஒருவர் எழும்பி எனக்கு இடம் தந்தார். பாவம் பார்த்தாரோ, என் வயதைப் பார்த்தாரோ தெரியாது.

தம்பியிடம் எனக்குக் கேட்க இருப்பது ஒன்றுதான். வெல்கிற அணியாகத் தேடிப் பிடிக்க வேண்டுமென்றால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருதடவை சட்டையை மாற்ற வேண்டி வருமே? என் வீட்டிலிருந்து மைதானம் ரயிலில் மூன்றாவது நிறுத்தம். பழையதை இடித்து முப்பதாயிரம் பேர் இருக்கக் கட்டிய புது மைதானத்தில், 2019 ஈஸ்டர் திங்களன்று முதல் ஆட்டமாக வெஸ்ட்ஸ் டைகர்ஸை 51–6 என்று விளாசியபோது, முன்பின் தெரியாத லெபனான்காரப் பாட்டி ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அவருக்கும் எனக்கும் வேறு என்ன உறவு இருக்கிறது?

ஆசிரியர் ஐயா, உங்கள் விளையாட்டுப் பக்கங்களில் இரண்டரைப் பக்கம் கிரிக்கெட்டுக்குப் போகிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை; யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களின் கிரிக்கெட் ஆட்டமான வடக்கின் பெரும் போரை நானும் விடாமல் படிப்பவன்தான். வாசகர்களில் பாதிப் பேர் பரமட்டாவைச் சுற்றி இருக்கிறோம். மார்ச் முதல் செப்டெம்பர் வரை ஈல்ஸின் முடிவுகளுக்குக் கால் பத்தி ஒதுக்க முடியுமா? தோல்விச் செய்தி என்றாலும் பரவாயில்லை, பழகிவிட்டது.

தம்பிக்கும் ஓர் அழைப்பு. மகளுக்கு இரவு வேலை வந்தால் அவளுடைய சீசன் டிக்கெட் சும்மா கிடக்கும். அடுத்த சொந்த மைதான ஆட்டத்துக்கு என்னோடு வரலாம். மழைச்சட்டை கொண்டுவரச் சொல்லுங்கள். எங்கள் வரிசை கூரைக்கு வெளியே.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெண்டில் ஹில்